ஆச்சியின் கண்ணுக்கு ஏன் லேசர்?

அன்புள்ள கயல்,

ஆச்சியின் கண் ஆபரேஷன் பலிக்காமல் போனதில் உனக்கு டாக்டர் மேல் கோபம். இப்போது லேசர் வைக்கிறவர், அதை முதலிலேயே வைத்திருக்கலாமே என்கிறாய். நியாயமான கேள்விதான்.

கண்ணுக்குள் நிமிடத்துக்குச் சுமார் 2 மைக்ரோலிட்டர் நீர் சுரக்கிறது. அதே அளவு வடிய வேண்டும். (அழும்போது வரும் கண்ணீர் வேறு.) வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். அதுதான் கிளாக்கோமா. ஆச்சிக்குச் செய்த டிரபெகுலெக்டமி, 1968இல் இங்கிலாந்தில் கேர்ன்ஸ் என்பவர் விவரித்த முறை. மேலிமைக்கு அடியில், வெள்ளைவிழியில் நீர் கசிய ஒரு புதுவழி வெட்டுவார்கள். மற்ற ஆபரேஷனில் புண் சீக்கிரம் ஆற வேண்டும். இதில் முழுக்க ஆறிவிடக் கூடாது! தழும்பைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தை வைத்தும்கூடச் சிலருக்குத் தழும்பு வளர்ந்து வழி மூடிக்கொள்ளும். ஆச்சி குனிந்து கோலம் போட்டதால்தான் இப்படி என்று வீட்டில் யாராவது சொன்னால், இல்லை என்று சொல்.

தொட்டியில் போக்குக்குழாய் அடைத்துக்கொண்டால், வரும் தண்ணீரையாவது குறைக்கலாம் அல்லவா? இந்த லேசர் செய்வது அதைத்தான். 810 நானோமீட்டர் டயோடு லேசர், கண்ணுக்குத் தெரியாத ஒளி. வெள்ளைவிழியை ஊடுருவிப் போய், நீர் சுரக்கும் சிலியரி திசுவின் நிறமியைச் சூடாக்கி, ஒரு பகுதியைக் கருக்கும். கருகியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தேவைக்கு மேல் கருகினால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிக் கண்ணே சுருங்கிவிடக்கூடும். அரிதுதான், ஆனாலும் உண்டு. இருக்கிற பார்வை மங்கவும் கூடும். அதனால்தான் இதைப் பல காலம் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். குறைவாக வைத்துவிட்டு, போதாவிட்டால் மறுபடி வைப்பதும் அதனால்தான். விட்டுவிட்டுத் துடிக்கும் மைக்ரோபல்ஸ் முறை கொஞ்சம் மென்மையானது. அது ஆச்சிக்குப் பொருந்துமா, நீர் வடியச் சிறு குழாய் பொருத்துவது மேலா என்று டாக்டரிடம் தயங்காமல் கேள்.

கண் மரத்துப்போக ஊசி போடுவார்கள். கத்தியோ தையலோ கிடையாது. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மரப்பு விட்டதும் வலிக்கும், கண் சிவக்கும். ஸ்டீராய்டு சொட்டு தருவார்கள். அழுத்தம் இறங்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பழைய சொட்டு மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. போன பார்வை திரும்பாது என்பதை ஆச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. பிறகு தெரிந்தால் இன்னும் நொந்துபோவார்.

போகும்போது உன் அம்மாவையும் கூட்டிப் போ. ஆச்சியின் பிள்ளைகளான எங்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அழுத்தம் மட்டும் பார்த்தால் போதாது, நரம்பையும் பார்க்கச் சொல். நானும் இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா