அம்மா வீட்டை எழுதி வாங்குமுன்

அன்புள்ள கண்ணா,

அபிராமபுரம் ஃப்ளாட்டை உன் பெயருக்கும் அக்கா பெயருக்கும் செட்டில்மென்ட் எழுதிவிட அம்மா முடிவு செய்துவிட்டதாக எழுதியிருந்தாய். எவ்வளவு செலவாகும் என்று மட்டும் கேட்டிருக்கிறாய். நீ கேட்காத சிலவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

செலவு குறைவுதான். கிரயமாக எழுதினால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் இரண்டும் தலா ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் முத்திரைத் தீர்வை 40,000 ரூபாயையும் பதிவுக் கட்டணம் 10,000 ரூபாயையும் தாண்டாது. நம் பக்கத்து வீடுகளின் மதிப்புக்கு இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் பலரும் யோசிக்காமல் பத்திரம் போட்டுவிடுகிறார்கள்.

பதிவான நாளிலிருந்து நீ வீட்டுக்காரன். இதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உதாரணத்துக்கு, பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2024 செப்டம்பரில் இரண்டாம் கட்டமாகத் தொடங்கியது. ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ளவர்களுக்கு அதில் வீட்டுக்கடன் வட்டி மானியம் 1.80 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் நாட்டில் எங்கேயும் குடும்பத்துக்குப் பக்கா வீடு இருக்கக்கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். நாளைக்கு உனக்குக் கல்யாணமானால் அம்மா பெயரில் இருக்கும் வீடு உன் கணக்கில் வராது. உன் பெயரில் பாதி இருந்தால் உன்னோடு சேர்த்து வரப்போகிற பெண்ணுக்கும் அந்த வாய்ப்பு போய்விடும். காசு கொடுத்து வாங்கவில்லை, அம்மா கொடுத்தது என்ற சமாதானம் எந்தப் படிவத்திலும் எடுபடாது.

அக்கா விஷயம் இன்னும் சிக்கல். சிங்கப்பூரில் மாப்பிள்ளையோடு புது எச்.டி.பி. (அரசு வீட்டுவசதி வாரிய) வீட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள் அல்லவா? விண்ணப்பிப்பதற்கு முந்தைய 30 மாதங்களில் தனியார் வீடு எதுவும் வைத்திருக்கக் கூடாது, விற்றிருக்கவும் கூடாது என்பது அங்கே விதி. வெளிநாட்டு வீடும் இதில் சேரும், தானமாக வந்த பங்கும் சேரும். விஷயம் தெரிந்து அவள் உனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும், அன்றிலிருந்துதான் 30 மாதத்தை எண்ணத் தொடங்குவார்கள். அவளைக் கேட்காமல் அவள் பெயரைப் போடவே போடாதீர்கள்.

இனி அம்மா. எனக்கு உண்மையில் கவலை இதில்தான். பத்திர எழுத்தர் தயாராக வைத்திருக்கும் வாசகத்தைப் படித்துப் பார்: அன்பின் காரணமாகக் கொடுக்கிறேன், இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று இருக்கும். எழுதிக் கொடுத்தவர் அதன்பிறகு எங்கே இருப்பார் என்று ஒரு வரி இருக்காது. நீ நல்ல பிள்ளை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உன் கடனுக்காக வங்கி அந்த வீட்டின் மேல் கைவைக்க வந்தால் உன் நல்ல மனசு அம்மாவுக்குக் கூரையாகாது.

2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் செல்லாததாக்க வழி செய்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். அந்த நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தைப் பெற்றோருக்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும், வீட்டின் சுவாதீனத்தையும் திருப்பித் தரச் சொல்லலாம் என்றது. பத்திரத்திலேயே நிபந்தனையை எழுதிவிட்டால் இந்த வாதமே வேண்டாம்.

என்னைக் கேட்டால் அம்மா உயில் எழுதட்டும். முத்திரைத் தீர்வை கிடையாது, இரண்டு சாட்சி போதும், பதிவு செய்வது அவள் விருப்பம். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். அவள் காலம் வரை வீடு அவளுடையது, உங்கள் இருவர் தகுதிக்கும் அதனால் பங்கமில்லை. செட்டில்மென்ட்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றால், ஆயுள் உள்ளவரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் அவளுக்கே உரிமை என்றும், நீ பராமரிக்க வேண்டும் என்றும் தனித்தனிப் பத்தியாகச் சேர்க்கச் சொல்.

பத்திரத்தின் வரைவையும் வில்லங்கச் சான்றையும் எனக்கு அனுப்பு. அக்காவிடம் இன்றைக்கே பேசிவிடு. அதுவரை பதிவுக்கு நாள் குறிக்க வேண்டாம்.

அன்புடன்,
அத்தை