அந்தப் பக்கமும் அடியுங்கள்

நான்காவது தூணுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தவர் காலை பதினொரு மணிக்குப் போன் செய்தார். "சார், நாலு மீட்டர்ல பாறைன்னு எழுதியிருக்கீங்க. இங்க ஒன்பது மீட்டர் தாண்டியும் மொரம்புதாங்க வருது." அன்று மாலை 14 மீட்டரில்தான் கெட்டிப் பாறை தட்டியது. சேர்வராயன் மலையடிவாரத்தில் ஓர் ஓடைப் பாலத்துக்காக நான் செய்த அதிர்வலை விலகல் ஆய்வு அது. எட்டு வருடம் ஆகிறது. அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். 5 மீட்டருக்கு ஒன்றாக 24 ஜியோபோன்களை நேர்கோட்டில் ஊன்றி, கேபிளில் கோத்து, முனையில் இரும்புத் தகடு வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறோம். ஓர் அலை மேல்மண் வழியே மெதுவாக வருகிறது. இன்னொன்று கீழே இறங்கி, பாறையின் மேல்முகத்தை ஒட்டி வேகமாக ஓடி, மறுபடி மேலே ஏறி வருகிறது. கொஞ்ச தூரத்துக்கு அப்பால் சுற்றி வந்ததுதான் முந்திக்கொள்ளும். முதலில் வந்த நேரங்களைத் தூரத்தோடு வைத்து வரைந்தால் கோடு ஓரிடத்தில் மடங்கும். அந்த மடிப்பில் ஆழம் கிடைக்கும். 1909-ல் மோஹோரோவிசிச் குரோவேஷிய நிலநடுக்கப் பதிவுகளில் இதே கணக்கைப் போட்டுத்தான் பூமியின் மேலோடு எங்கே முடிகிறது என்று கண்டார்.

ஆய்வு நடந்த நாளில் மாலை நாலு மணி. ஏற்காட்டுப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மலைப்பக்க முனையில் அடித்து முடித்திருந்தோம். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர், "அதே லைன்தானே சார், ஒரு பக்கம் அடிச்சாப் போதாதா? மழை வந்துரும், கிளம்பலாம்" என்றார். நான் சரி என்றேன். கேபிளைச் சுருட்டிவிட்டோம்.

அடிக்காமல் விட்ட அந்த எதிர்முனை அடிதான் எனக்கு இரண்டு மாதச் சம்பாத்தியத்தை இழக்க வைத்தது.

பதிவில் மேல்மண் விநாடிக்கு 600 மீட்டர் காட்டியது. கீழே 2,550. அந்த மலையின் சார்னோக்கைட் கெட்டியாக இருந்தால் நாலாயிரத்துக்குக் குறையக் கூடாது. எனக்கு உறுத்தியது. ஆனால் 'வெடிப்பு விழுந்த பாறை' என்று நானே ஒரு காரணம் எழுதி, 4 மீட்டர் ஆழத்தில் சமமாக ஒரு கோடு போட்டு அறிக்கையைக் கொடுத்தேன்.

பாறை சமமாக இல்லை. மலையிலிருந்து விலகி 5 டிகிரி சரிந்து இறங்கியிருந்தது. சரிவோடு அலை ஓடும்போது அடுத்தடுத்த ஜியோபோனுக்கு ஏறி வர வேண்டிய மண் கூடிக்கொண்டே போகிறது. தாமதம் சேரச் சேர, நாலாயிரம் இரண்டாயிரத்து ஐந்நூறாகத் தெரிகிறது. அடித்த இடத்துக்குக் கீழே ஆழம் மட்டும் சரியாகவே வரும். முதல் தூணில் 4 மீட்டரில் பாறை கிடைத்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 115 மீட்டர் தள்ளி, கோட்டின் கடைசியில், 10 மீட்டர் கூடுதல் ஆழம் காத்திருந்தது.

பிறகு என் செலவில் கருவியை வாடகைக்கு எடுத்துப் போய் அடுத்த முனையில் அடித்துப் பார்த்தேன். லேப்டாப்பில் கோடு மடங்கியதும் கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. கணக்குப் போட்டால் 9,500. எந்த மலைப்பாறையிலும் அலை அந்த வேகத்தில் ஓடாது. முதல் நாளே இந்த எண்ணைப் பார்த்திருந்தால் பாறை சரிகிறது என்று அங்கேயே புரிந்திருக்கும். முனைக்கு முனை நேரம் இரண்டு பக்கமும் 58 மில்லிவிநாடி. அந்தப் பொருத்தம் பதிவு சுத்தம் என்பதற்குச் சாட்சி. அது பொருந்தாவிட்டால் டிரிக்கரைச் சோதியுங்கள்.

கூடுதல் துளைக்கும் அடித்தளத்தை மாற்றி வரைந்ததற்கும் என் பில்லில் கழித்தார்கள். கிளம்பச் சொன்ன மேற்பார்வையாளர் அதை முடிவு செய்த கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. சம்மதித்தது நான், மறுக்கவில்லை. ஆனால் அவசரப்படுத்தியவருக்கும் அதில் பங்கு உண்டு என்று இன்றும் சொல்வேன்.

இப்போது ஒரு கோட்டுக்கு ஐந்து இடத்தில் அடிக்கிறேன்: இரு முனை, நடு, இரு முனைகளுக்கும் வெளியே ஒவ்வொன்று. இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். காலை ஒன்பதுக்குள் முடித்தால் நல்லது. காற்று கிளம்பிவிட்டால் தென்னை வேரின் ஆட்டம்கூடப் பதிவில் ஏறும். வேகம் 1,500-ஐ ஒட்டி வந்தால் பாறை என்று எழுதிவிடாதீர்கள். அது பெரும்பாலும் நீர் நிறைந்த மண். பக்கத்துத் தோட்டக் கிணற்றில் எட்டிப் பாருங்கள், நீர்மட்டமும் தெரியும், சுவரில் மண் எங்கே முடிகிறது என்பதும் தெரியும். கெட்டியான சுண்ணாம்புப் படிவத்துக்குக் கீழே இளகிய களிமண் இருந்தால் இந்த முறை அதைக் காட்டவே காட்டாது. அங்கே துளை போட்டே ஆக வேண்டும்.

டோமோகிராபி மென்பொருள் இருக்கிறதே, எல்லாவற்றையும் அது சரிசெய்துவிடாதா என்று கேட்கிறார்கள். அடிக்காத அடியை எந்த மென்பொருளும் கொண்டுவந்து தராது. "பேசாம நாலு துளை போட்டிருக்கலாம்" என்று அன்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். துளை அந்த ஓரிடத்தைத்தான் சொல்லும். இரண்டு துளைக்கு நடுவே பாறை எப்படிப் போகிறது என்று சொல்லாது. முறையில் பிழை இல்லை, பாதியில் நிறுத்தியதில்தான் பிழை. ஒரு முனைக்கு மட்டும் விலை கேட்டு வருகிறவர்களிடம் நான் வேலை எடுப்பதில்லை.