நத்தைத் தொல்லையும் நல்லுயிர்ப் பாதுகாப்பும்

மழைக்காலம் தொடங்கியதும் நமது தோட்டங்களில் ஒரு பகைவன் இரவுதோறும் புகுந்துவிடுகிறான். மாலையில் தழைத்து நின்ற கீரைப் பாத்தி காலையில் வெறும் தண்டாகக் காட்சியளிக்கிறது. பப்பாளி நாற்றும், வாழைக் கன்றின் இளங்குருத்தும், வெள்ளரிப் பிஞ்சும் கடிபட்டுக் கிடக்கின்றன. இலையின்மீதும் வரப்பின்மீதும் பளபளப்பான தடம் காணப்படுமாயின், அது நத்தையின் வேலை என்று துணியலாம். இதனை ஒழிப்பது எங்ஙனம், ஒழிக்கும்போது பறவைகளுக்கும் கால்நடைகளுக்கும் கேடு நேராமற் காப்பது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

அயல்நாட்டிலிருந்து வந்த நத்தை

நம் நாட்டில் நிலத்தில் வாழும் நத்தை இனங்கள் பல உள்ளன. அவற்றுட் பல, உதிர்ந்த இலைகளையும் பாசியையும் காளானையும் தின்று வாழ்பவை. அழுகிய பொருளை மட்கச் செய்து மண்ணுக்கு வளமூட்டுபவை. பயிரைப் பெரிதும் பாழாக்குவது ஆப்பிரிக்கப் பெருநத்தை என்னும் இனமாகும். அதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. 1847-ஆம் ஆண்டில் பென்சன் என்னும் நத்தை ஆராய்ச்சியாளர் மொரீஷியஸ் தீவிலிருந்து கொணர்ந்த நத்தைகள் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இன்று அவ்வினம் இந்நாட்டின் பல மாநிலங்களிலும் பரவியிருக்கிறது. மெல்ல ஊரும் இவ்வுயிரைத் தொலைவிடங்களுக்குக் கொண்டு சேர்த்தவன் மனிதனே. நாற்றோடும் மண்ணோடும் மரக்கட்டையோடும் அது பயணம் செய்கிறது. கூம்பு வடிவமான பழுப்பு நிற ஓடும், அதில் காணப்படும் கரும்பட்டைகளும் இதன் அடையாளங்களாம். வளர்ந்த நத்தையின் ஓடு 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளமிருக்கும். சில அதனினும் பெரியவை.

நத்தையின் வாழ்க்கை

பகைவனின் வாழ்க்கையை அறிந்தாலன்றி அவனை வெல்லல் அரிது. இந்நத்தை ஒவ்வொன்றினிடத்தும் ஆண், பெண் ஆகிய இரு தன்மைகளும் அமைந்துள்ளன. ஆகவே, வளர்ந்த நத்தை எதுவும் முட்டையிடக் கூடியதே. ஒரு தடவைக்கு 100 முதல் 400 வரை முட்டைகள் இடும். ஆண்டுக்குப் பல தடவை இடும். சிறு பட்டாணியை ஒத்த வெண்மஞ்சள் முட்டைகளை ஈரமண்ணிலும் சருகின் அடியிலும் காணலாம். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அவை பொரிந்துவிடும். சுமார் ஆறு மாதங்களில் குஞ்சுகள் முதிர்ச்சியடைந்து தாமும் முட்டையிடத் தொடங்கும்.

கோடையில் நத்தை தன் ஓட்டின் வாயை மெல்லிய சவ்வினால் மூடிக்கொண்டு பல மாதங்கள் உறங்குகிறது. முதல் மழை பெய்ததும் விழித்து வெளிவருகிறது. அக்காலமே நமக்கு ஏற்ற காலம். ஒரு வீட்டார் அப்பொழுது 50 நத்தைகளைப் பொறுக்கி அழிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரே தடவை 200 முட்டைகள் இடுமென்று கொண்டாலும், 10,000 முட்டைகள் தோன்றாமல் தடுக்கப்படுகின்றன. பொழுது தவறிப் பொறுக்கினால் நத்தை மடியும். முட்டை மண்ணிலிருந்து முளைக்கும்.

நஞ்சினால் விளையும் கேடு

நத்தை பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிகளைக் கொல்லும் மருந்துகள் பெரும்பாலும் அதனை அழிப்பதில்லை. நன்மை செய்யும் பூச்சிகளையே மாய்க்கின்றன. நத்தைக்கென்றே விற்கப்படும் மெட்டால்டிஹைடு கலந்த இரையை நாயோ கன்றோ தின்றால் வலிப்புக் கண்டு இறக்க நேரிடும். பறவைகளும் தப்புவதில்லை. இக்காரணங்களால் பிரிட்டனில் 2022-ஆம் ஆண்டு முதல் அதனைத் திறந்த வெளியில் உபயோகிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது.

நத்தையைத் தின்னும் உயிரொன்றை வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து விடலாமே என்று சிலர் கருதக்கூடும். பசிபிக் பெருங்கடலிலுள்ள டஹிட்டித் தீவில் 1974-ஆம் ஆண்டில் அவ்வாறே செய்தனர். அங்கு விடப்பட்ட வேட்டை நத்தை பெருநத்தையை ஒழிக்கவில்லை. அத்தீவுக்கே உரிய மர நத்தை இனங்கள் பலவற்றை அழித்தொழித்தது. இப்படிப்பினை நமக்குப் போதுமானது.

நம் ஊரிலேயே இருக்கும் காவலர்

செம்போத்துப் பறவை நத்தையின் ஓட்டை உடைத்துத் தின்னும். மின்மினியின் புழுக்கள் நத்தையை இரையாகக் கொள்கின்றன. தேரைகள் ஓடில்லாத நத்தைகளைப் பிடித்துண்ணும். வாத்துகள் குஞ்சு நத்தைகளை விரும்பித் தின்னும். வேலியோரப் புதரை முற்றிலும் வெட்டிக் கொளுத்துவோமாயின், ஊதியம் பெறாத இக்காவலர்களை நாமே துரத்தியவர்களாவோம். பாத்தியருகே குப்பை வேண்டாம். எல்லையிலுள்ள உயிர்வேலி இருக்கட்டும். வயல் நீரில் வாழும் நாட்டு நத்தையையும் தொடவேண்டா. அது நத்தைகுத்தி நாரையின் உணவு.

செய்ய வேண்டுவன

1. மாலையில் நீர் பாய்ச்சுவதைத் தவிர்த்துக் காலையில் பாய்ச்சுக. இரவில் மேல்மண் உலர்ந்திருப்பின் நத்தை ஊர்வது குறையும்.

2. அந்தி வேளையில் நனைத்த கோணிச் சாக்கை விரித்து, அதனடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோசு இலையோ வைத்திடுக. இரவெல்லாம் மேய்ந்த நத்தைகள் விடியலில் அங்கு ஒதுங்கும். வெயில் ஏறுமுன் அவற்றைப் பொறுக்குக.

3. வெறுங்கையால் தொடலாகாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவை நத்தை சுமக்கக்கூடும். அது மனிதனின் மூளை உறையைத் தாக்கவல்லது. கையுறை அல்லது இடுக்கி கொண்டு எடுத்து, பின்னர்ச் சோப்பினால் கை கழுவுக. பச்சையாக உண்ணும் காய்களையும் கீரைகளையும் நன்கு கழுவுதல் வேண்டும்.

4. பொறுக்கியவற்றைக் கொதிநீரில் இட்டால் உடனே இறக்கும். உப்பைத் தோட்டத்தில் தூவுதல் கூடாது, மண் கெடும். இறந்தவற்றைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் அப்பால் ஆழமான குழியில் இட்டு, சுண்ணாம்பு தூவி மண்ணால் மூடுக.

5. சருகையும் மேல்மண்ணையும் கிளறி முட்டைக் குவியல்களை நசுக்குக.

6. நாற்றங்காலைச் சுற்றி உலர்ந்த சாம்பலை நான்கு விரல் அகலத்திற்குப் பரப்புக. மழையில் நனைந்தால் அது பயன்படாது. மீண்டும் இடுதல் வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

ஒருவர் தம் தோட்டத்தை இரவு பகலாகக் காத்தாலும், அடுத்த மனையில் குப்பை மேடு கிடக்குமாயின் அவருடைய உழைப்பு வீணாகும். நத்தைக்கு எல்லைக் கல் தெரியாது. ஆகவே, இது ஊர் கூடிச் செய்ய வேண்டிய பணியாகும். தமிழ்நாட்டில் அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அம்மாதத்தின் பிற்பாதியில் தொடங்குகிறது. இடைப்பட்ட நாட்கள் ஏற்பாட்டிற்குப் போதும். தெருவாரியாகக் குழு அமைத்தல், குழி வெட்ட இடம் ஒதுக்குதல், கையுறை வாங்குதல், புறம்போக்கிலுள்ள குப்பையை அகற்றுதல் ஆகியவற்றைச் சபையிலேயே தீர்மானிக்கலாம். தென்மேற்குப் பருவமழை பெறும் ஊர்கள் மே முதல் நாள் கூட்டத்திலேயே இதனைப் பேசிவிடுதல் நலம். வெளியூரிலிருந்து வரும் கன்றுகளையும் தொழுவுரத்தையும் சோதித்த பின்னரே இறக்குதல் வேண்டும் என்ற விதியையும் செய்துகொள்ளலாம்.

ஒரு மழைக்காலத்தோடு நத்தை முற்றும் ஒழிந்துவிடும் என நாம் கூறமாட்டோம். ஆண்டுதோறும் முதல் மழையை அடுத்துவரும் இரண்டு வாரங்கள் ஊரார் அனைவரும் விடியலில் ஒரு மணி நேரம் உழைத்தால், தொல்லை படிப்படியாகக் குறையும். பயிர் பிழைக்கும், செம்போத்தும் தேரையும் பிழைக்கும், நஞ்சு வாங்கும் பணமும் உழவர் கையிலேயே தங்கும்.