எஞ்சின் நின்றால் என்ன செய்வீர்கள்? பைலட் ஆகப்போகிறவர்களுக்கு ஆறு பாடங்கள்

வத்தளைக்கு வடக்கே கட்டுநாயக்க, தெற்கே இரத்மலானை. இடையில் வளரும் பிள்ளைகளுக்குப் பைலட் ஆசை வருவது இயல்பு. ஆனால் வணிக விமானிக்கான சி.பி.எல். லைசென்ஸ் எடுக்கச் சுமார் 200 மணித்தியாலம் பறந்தவர்கள் எல்லோரும் அதே சில வேலைகளுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். அந்த வரிசையில் உங்களை முன்னே நிறுத்துவது, நெருக்கடியில் நீங்கள் முடிவெடுக்கும் விதம். எஞ்சின் பழுதுப் பயிற்சியில்தான் அது வெளிப்படும்.

2021 டிசம்பரில், சில நாள் இடைவெளியில், பயாகலைக் கடற்கரையிலும் கிம்புலாபிட்டியவிலும் சிறு விமானங்கள் அவசரமாகத் தரையிறங்கின. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். இப்போதே தயாராகுங்கள்.

1. பயிற்சியிலும் உயிர் போகும்.
2017 மே 30. அவுஸ்திரேலியாவின் ரென்மார்க். இரட்டை எஞ்சின் கொண்ட செஸ்னா 441 விமானம் புறப்பட்டதும், பயிற்சிக்காக ஓர் எஞ்சினின் பவர் குறைக்கப்பட்டது. எதிர்பார்த்த அளவுக்கு விமானம் ஏறவில்லை, வேகமும் குறைந்தது. ஆனாலும் பவரைத் திருப்பிக் கொடுத்துப் பயிற்சியை நிறுத்தவில்லை. தாழ்வான உயரத்தில் கட்டுப்பாடு இழந்து விழுந்தது. நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த பைலட், அவரைச் சோதித்த பைலட், சிவில் விமானத் துறை இன்ஸ்பெக்டர் என மூவரும் இறந்தனர். மூவருமே நீண்ட அனுபவமுள்ளவர்கள்.

2. எல்லையைத் தரையிலேயே முடிவு செய்யுங்கள்.
எந்த உயரத்துக்குக் கீழே இந்தப் பயிற்சி இல்லை? வேகம் எவ்வளவுக்கு இறங்கினால் நிறுத்துவது? பவரைத் திருப்பிக் கொடுப்பது யார்? புறப்படுமுன் பிரீஃபிங்கில் இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கேளுங்கள். மேலே போனபின் யோசிக்க நேரம் கிடைக்காது.

3. கையைப் பழக்குங்கள்.
செஸ்னா 172எஸ் விமானத்தில் எஞ்சின் நின்றால் முதல் வேலை மூக்கைத் தாழ்த்தி 68 நொட்ஸ் வேகத்தைப் பிடிப்பது. அடுத்து இறங்கும் இடம். நேரமிருந்தால் எரிபொருள் வால்வு, மிக்ஸ்ச்சர், மெக்னெட்டோ பார்த்து, மேடே சொல்லுங்கள். காற்றில்லாத நேரத்தில் ஆயிரம் அடி உயரம் ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோமீற்றர் தூரத்தைத்தான் தரும். புறப்பட்ட உடனே நின்றால் ஓடுபாதைக்குத் திரும்பப் பார்க்காதீர்கள். முன்னால் தெரியும் இடத்திலேயே இறங்குங்கள். இரத்மலானையில் ஒரு பக்கம் காலி வீதி, அதற்கு அப்பால் கடல். எங்கே இறங்குவது என்று எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுமுன்பே யோசித்து வையுங்கள்.

4. "சேர்" என்று சொல்லிக்கொண்டே மறுக்கப் பழகுங்கள்.
பெரியவர் முன்னால் வாய் திறக்காமல் இருப்பதை மரியாதையாக நினைத்து வளர்ந்தவர்கள் நாம். கொக்பிட்டில் அது ஆபத்து. "சேர், வேகம் குறையுது, நிப்பாட்டுவம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஒருமுறை பேசாமல் இருந்தால் அடுத்த முறை பேசுவது இன்னும் கஷ்டம். விமான நிறுவனங்கள் இதை சி.ஆர்.எம். (குழு வள முகாமைத்துவம்) என்ற தனிப் பயிற்சியாகவே நடத்துகின்றன.

5. அவசரத்திலும் சரிபாருங்கள்.
2015 பெப்ரவரி 4 அன்று தாய்ப்பேயில் டிரான்ஸ்ஏஷியா விமானத்தின் ஓர் எஞ்சின் செயலிழந்தது. பைலட் நிறுத்தியதோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்றதை. 43 பேர் இறந்தனர். எந்த எஞ்சின் என்று வாய்விட்டுச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரும் அதை உறுதிப்படுத்திய பிறகே கை வையுங்கள்.

6. பைலட் பயிற்சி ஸ்கூலுக்குப் பணம் கட்டுமுன் விசாரியுங்கள்.
வீட்டார் நகையை அடகு வைத்துக் கட்டும் காசு இது. விளம்பரத்தை நம்பிக் கொட்டாதீர்கள். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அங்கீகாரம் நடப்பில் உள்ளதா? பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள்? பராமரிப்புப் பதிவைக் காட்டுவார்களா? எஞ்சின் பழுதுப் பயிற்சிக்கு எழுத்தில் விதி உண்டா? பதில் சொல்லத் தயங்கும் ஸ்கூலை விட்டு விலகுங்கள்.

பயிற்சி முடிந்த அன்றே, லொக்புக்கில் மணித்தியாலத்தைப் பதிந்த கையோடு, ஒரு கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன நடந்தது, என்ன முடிவெடுத்தேன், அடுத்த முறை எதை மாற்றுவேன். நேர்முகப் பரீட்சையில் "நெருக்கடியை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்கும்போது மற்றவர்கள் மனப்பாடம் பண்ணியதை ஒப்பிப்பார்கள். நீங்கள் எந்த இடத்தில், எந்த வேகத்தில், எதற்காகப் பயிற்சியை நிறுத்தச் சொன்னீர்கள் என்று சொல்லுங்கள். நிறுத்தத் தெரிந்தவரை நம்பித்தான் பயணிகளை ஒப்படைப்பார்கள்.