காய்ச்சல் வருவதற்கு முன் படிக்க வேண்டிய தாள்

இந்த வருடம் பல்கலைக்கழகம் போகிற தம்பி தங்கைகளுக்காக ஒரு பாடம் எழுதித் தரும்படி கேட்டார்கள். நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது, நண்பர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றெல்லாம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதைச் சொல்வதற்கு உங்கள் வீட்டிலேயே நாலு பேர் இருப்பார்கள். என் முதல் வருடத்தில் எனக்கு யாருமே சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. உடம்பு சரியில்லாமல் போனால் எங்கே போவது, காசு யார் கட்டுவது என்பதுதான் அது.

நான் பேராக்கில் ஒரு சின்ன ஊர்ப் பெண். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா பெக்டரி கேண்டீனில் வேலை. கோலாலம்பூரில் அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. பதிவு நாளன்று கட்டண ரசீதில் பத்துப் பன்னிரண்டு வரிகள் இருந்தன. அதில் ஒன்று 'தக்காஃபுல் பெலாஜார்'. அப்பா அதைக் காட்டி, "இன்சூரன்ஸும் இருக்கு, இனி கவல இல்ல" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ரசீதை மடித்து ஃபைலில் வைத்தேன். அதற்குப் பிறகு அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது செமஸ்டரில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் வந்தது. திங்கள்கிழமை டெஸ்ட். பனடோல் போட்டுக்கொண்டு படித்தேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் அதே கதை. ஞாயிறு காலை காய்ச்சல் இறங்கியது. 'அப்பாடா' என்று துணி துவைக்கப் போனேன். மத்தியானத்திற்குள் நாலு தடவை வாந்தி, வயிற்றில் தாங்க முடியாத வலி, எழுந்து நிற்க முடியவில்லை. அறைத்தோழி பயந்துபோய், காடி வைத்திருந்த சீனியர் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டாள். "இன்சூரன்ஸ் இருக்குல்ல, பிரைவேட்டுக்கே போயிடலாம்" என்று பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள்.

அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள். டெங்கி. பிளேட்லெட் நன்றாக இறங்கியிருந்தது. வார்டில் சேர்க்க வேண்டும் என்றார்கள். கவுண்டரில் இருந்தவர் என்ன கார்டு என்று கேட்டார். மெட்ரிக் கார்டை நீட்டினோம். யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு வந்து, "இது விபத்துக்கு மட்டும்தான் தங்கச்சி. நோய்க்கு இல்ல. மூவாயிரம் வெள்ளி டெபாசிட் கட்டணும்" என்றார்.

அம்மாவுக்குப் போன் போட்டோம். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சங்கிலிய அடகு வச்சிடறேன், நீ படுத்துக்கோம்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் அடகுக்கடை மூடியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காப்பாற்றியது அங்கிருந்த டாக்டர்தான். "நீங்க மலேசியப் பிரஜைதானே? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தர்றேன். டெங்கிக்கு அங்க தினமும் பார்க்கறாங்க, பயப்படாதீங்க" என்றார். ரத்தப் பரிசோதனை முடிவையும் கூடவே கொடுத்தார். அரசாங்க மருத்துவமனையில் நாலு நாள் இருந்தேன். மூன்றாம் வகுப்பு வார்டு, நாளுக்கு 3 வெள்ளி. வீட்டுக்குப் போகும்போது கட்டிய மொத்தப் பணம் ஐம்பது வெள்ளியைத் தாண்டவில்லை. அம்மாவின் சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

இதில் எனக்கு இன்றுவரை உறுத்துகிற விஷயம் வேறு. எங்கள் ஹாஸ்டலிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் பல்கலைக்கழகத்தின் சுகாதார மையம் இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்கத் திறந்திருந்தது. மெட்ரிக் கார்டைக் காட்டினால் போதும், காசு கிடையாது. அன்றைக்கே போயிருந்தால் ரத்தம் எடுத்திருப்பார்கள், எம்சியும் கொடுத்திருப்பார்கள். டெஸ்ட்டைப் பிறகு எழுதியிருக்கலாம். 'சும்மா காய்ச்சலுக்குப் போனா என்ன நினைப்பாங்க' என்றுதான் போகவில்லை.

டெங்கியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஹாஸ்டல்களில் இது அடிக்கடி வருகிறது. காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் அது வரும். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், ஒரேயடியாகச் சோர்வு என்று எது வந்தாலும் உடனே போக வேண்டும். வலிக்கிறதே என்று ஆஸ்பிரின், இபுபுரோஃபென் மாத்திரை போடக் கூடாது. ரத்தக் கசிவை அவை அதிகமாக்கும்.

சரி, இப்போது பாடத்துக்கு வருவோம். நம் கையில் என்னென்ன இருக்கிறது?

முதல் கதவு சுகாதார மையம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இது இருக்கும். காய்ச்சல், சளி, தோல், வயிறு, சின்னக் காயம் எல்லாம் அங்கே பார்ப்பார்கள். சில இடங்களில் பல் மருத்துவமும் உண்டு. அங்கே முடியாது என்றால் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம், யூஎஸ்எம், யூபிஎம் போன்றவற்றுக்குச் சொந்தமாகப் போதனா மருத்துவமனைகளே இருக்கின்றன. ஆனால் அந்த மருத்துவமனை உங்கள் படிப்பிடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. யூகேஎம் மாணவர்கள் பாங்கியில் படிப்பார்கள், மருத்துவமனை செராஸில். யூஎஸ்எம் பினாங்கில், மருத்துவமனை கிளந்தானில் குபாங் கெரியானில். முதல் வாரத்திலேயே சுகாதார மையம் எங்கே, எத்தனை மணி வரை, இரவில் என்ன ஏற்பாடு என்று பார்த்து வையுங்கள். எம்சி விஷயத்திலும் கவனம் வேண்டும். வெளிக் கிளினிக்கில் வாங்கிய எம்சியைச் சுகாதார மையத்தில் உறுதிப்படுத்தினால்தான் பரீட்சைக்குச் செல்லும் என்கிற விதி பல இடங்களில் இருக்கிறது.

தனியார் கல்லூரி என்றால் பெரும்பாலும் சொந்த மையம் இருக்காது. 'பேனல் கிளினிக்' பட்டியல் இருக்கிறதா என்று மாணவர் நலப் பிரிவில் கேளுங்கள்.

இரண்டாவது கதவு அரசாங்க கிளினிக். ஐசியோடு போனால் மலேசியர்களுக்கு 1 வெள்ளி, மருந்து உட்பட. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. காத்திருக்க வேண்டும், அது உண்மைதான். ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். நம் பெற்றோரில் சிலருக்கு 'பிரைவேட்தான் நல்லது, அரசாங்கத்துல சரியா பார்க்க மாட்டாங்க' என்கிற எண்ணம் இருக்கிறது. என் வார்டில் இருந்த மிஸ்ஸி நடுராத்திரி மூன்று மணிக்கு வந்து எவ்வளவு தண்ணீர் குடித்தேன் என்று எழுதிக்கொண்டு போனதைப் பார்த்தவள் நான். எனக்கு அந்த எண்ணம் போய்விட்டது.

மூன்றாவது, அந்த ரசீதில் இருந்த தக்காஃபுல். மாணவர்களுக்கான குழுத் திட்டங்களில் பல விபத்துக்கு மட்டுமே. விபத்தில் மரணம், உடல் ஊனம், விபத்துக் காயத்துக்கான மருத்துவச் செலவு ஒரு வரம்பு வரை. சில பல்கலைக்கழகங்களில் நோய்க்கு வார்டில் சேர்ந்தாலும் கொஞ்சம் கொடுப்பார்கள். உங்களுடையது எது என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. இன்னொன்று, பெரும்பாலும் நாம் முதலில் காசு கட்டி, பிறகுதான் கிளேம் செய்ய வேண்டும். அசல் ரசீது, மருத்துவ அறிக்கை, சாலை விபத்தென்றால் போலீஸ் ரிப்போர்ட், எல்லாவற்றையும் தாளில் சொன்ன நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ரசீதைத் தொலைத்தவனுக்கு ஒன்றும் கிடைக்காது.

மோட்டார் ஓட்டுகிற தம்பிகளே, இது உங்களுக்கு. ரோட் டேக்ஸோடு கட்டாயமாக எடுக்கும் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் நீங்கள் இடித்த மற்றவருக்கானது. உங்கள் கால் உடைந்தால் அது ஒரு காசு தராது. லைசன்ஸ் இல்லாமல் ஓட்டி விழுந்தால் விபத்துத் திட்டங்களும் பெரும்பாலும் கையை விரித்துவிடும். கைச்செலவுக்குச் சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள், 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்கேசோவில் பதிந்து சந்தா கட்டலாம். வேலை நேரத்தில் நடக்கும் விபத்துக்கு அதுதான் கை கொடுக்கும்.

நான்காவது, மெடிக்கல் கார்டு. எடுப்பதற்கு முன் அப்பா அம்மாவின் வேலையிடத்தில் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். முழுநேர மாணவர் என்றால் சில நிறுவனங்கள் 18 வயதைத் தாண்டியும் சேர்த்துக்கொள்வார்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர் உறுதிக் கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதும். ஒரு கடிதத்தோடு முடிகிற வேலைக்கு மாதாமாதம் தனியாகக் காசு கட்டுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் அந்த வசதி இல்லை. டெங்கிக்குப் பிறகு அம்மா பயந்துபோய், ஏஜெண்டாக இருக்கும் தூரத்து மாமா ஒருவரைக் கூப்பிட்டுவிட்டார். பாரத்தில் 'ஆஸ்துமா இருந்ததா' என்று ஒரு கேள்வி. பன்னிரண்டு வயது வரை நான் இன்ஹேலர் வைத்திருந்தவள். மாமா சிரித்துக்கொண்டே, "அது சின்ன வயசுல வந்தது, எழுதாதம்மா. எழுதினா விலை ஏறும், இல்லாட்டி தள்ளிடுவாங்க" என்றார்.

நான் எழுதினேன். கார்டு வந்தது, ஆனால் சுவாச நோய்களுக்குக் கிடையாது என்று ஒரு விலக்கோடு வந்தது. அம்மாவுக்குக் கோபம். "மாமா சொன்ன மாதிரி செஞ்சிருக்கலாம்ல?" என்றார். கிட்டத்தட்ட ஒரு மாதம் வீட்டில் இதே பேச்சு. இரண்டு வருடம் கழித்து என் அறைத்தோழி மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்தாள். அவளும் வேறொரு ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு ஆஸ்துமாவை எழுதாமல் விட்டவள். பழைய கிளினிக் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு கிளேமை நிராகரித்துவிட்டார்கள். அந்த இரண்டு வருடமும் அவள் வீட்டில் தவறாமல் சந்தா கட்டியிருந்தார்கள். அவளை நம்ப வைத்த ஏஜெண்ட் அப்போது வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். பாரத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. கேட்ட கேள்விக்குக் கவனத்தோடு உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை சட்டப்படியே உங்களுக்கு இருக்கிறது.

கார்டு எடுத்த மறுநாளே எல்லாம் கிடைத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். பொதுவாக நோய்க்கு முதல் 30 நாள் காத்திருப்புக் காலம். ரத்த அழுத்தம், இருதய நோய், கட்டி, கல், குடலிறக்கம் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள். விபத்துக்குக் காத்திருப்பு இல்லை. பத்திரம் கைக்கு வந்த பிறகு 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 15 நாளில் பத்திரத்தை உட்கார்ந்து படியுங்கள்.

'கோ-பேமெண்ட்' என்றால் பில்லில் ஒரு பங்கு நம்முடையது. பத்தாயிரம் வெள்ளி பில்லுக்கு 10 விழுக்காடு என்றால் ஆயிரம் வெள்ளி நாம் கட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இப்படிப்பட்ட திட்டங்களையும் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கட்டாயம் வழங்க வேண்டும் என்று பேங்க் நெகாரா விதித்திருக்கிறது. சந்தா குறையும். மலிவாக இருக்கிறதே என்று எடுப்பவர்கள், அந்த ஆயிரம் வெள்ளி வீட்டில் எப்போதும் இருக்குமா என்று யோசித்துவிட்டு எடுங்கள். கிளேமில் அநியாயம் நடந்தது என்று நினைத்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் செய்யுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால், 2025 ஜனவரியிலிருந்து இயங்கும் நிதிச் சந்தைகள் ஓம்புட்ஸ்மன் சேவை இருக்கிறது.

என்னைக் கேட்டால், வீட்டில் காசு இறுக்கமாக இருக்கும் மாணவருக்கு மெடிக்கல் கார்டு முதல் வேலை இல்லை. சுகாதார மையமும் அரசாங்க மருத்துவமனையும் நமக்கு இருக்கின்றன. பிடிபிடிஎன் கடன் காசில் சந்தா கட்டி, நாலு மாதத்தில் கட்ட முடியாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இருப்பார்கள். வகுப்பில் வாதம் செய்யலாம்.

கடைசியாக, நாம் பேசத் தயங்குகிற ஒன்று. மனம் சரியில்லாத நாட்கள். மூன்றாம் வருடத்தில் எனக்கு அது வந்தது. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போகவில்லை. கவுன்சலிங் பிரிவுக்குப் போக இரண்டு மாதம் எடுத்தது. 'பைத்தியம்னு சொல்லிடுவாங்க' என்ற பயம்தான். போன பிறகு தெரிந்தது: அங்கே பேசுவதை வீட்டுக்கோ விரிவுரையாளருக்கோ சொல்ல மாட்டார்கள், உயிருக்கு ஆபத்து என்றால் தவிர. மெடிக்கல் கார்டுகள் பல மனநலச் சிகிச்சையை விலக்கி வைத்திருக்கின்றன. வெளியே ஒரு மணி நேரத்துக்கு நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் அது இலவசம். இரவில் பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. இதை இப்போதே போனில் பதிந்துவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு உங்கள் பதிவு ரசீதையும் தக்காஃபுல் தாளையும் கொண்டு வாருங்கள். இன்னும் பதியாதவர்கள் அண்ணன், அக்காவுடையதைக் கேட்டு வாங்கி வாருங்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுவோம். நோய்க்கு இருக்கிறதா, விபத்துக்கு மட்டுமா? வரம்பு எவ்வளவு? கிளேம் செய்ய எத்தனை நாள்? மலாய் புரியாத இடத்தில் கோடு போட்டு வையுங்கள், சேர்ந்து படிக்கலாம்.