கைவினை மெழுகுவத்திக்குச் சரியான விலை எது?

வீட்டிலிருந்தபடியே சிறு தொழில் தொடங்க விரும்பும் மகளிர் பலர் முதலில் நினைத்துப் பார்க்கும் தொழில்களுள் மெழுகுவத்தித் தயாரிப்பும் ஒன்று. பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. தனிக் கட்டடம் வேண்டியதில்லை. சில நாள் பயிற்சியே தொடங்கப் போதுமானது. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தொழிலில் கூடுதலான ஒரு வசதியும் உண்டு. ஒருபுறம் கேரளச் சந்தை. மறுபுறம் பொள்ளாச்சி, உடுமலை, போடி, கம்பம் எனத் தமிழ்நாட்டுச் சந்தை.

ஆனால், இத்தொழிலைத் தொடங்குவோர் பலர் ஓராண்டுக்குள் சோர்ந்துவிடுகின்றனர். சரக்கு விற்காததே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கணக்கை எடுத்துப் பார்த்தால் பல நேரங்களில் உண்மை வேறாக இருக்கிறது. சரக்கு நன்றாகவே விற்றிருக்கும்; விற்ற விலைதான் தவறாக இருந்திருக்கும். விலை தவறாக இருக்கும் தொழிலில் விற்பனை கூடக் கூட நட்டமும் கூடும். எனவே இக்கட்டுரையில், ஒரு மெழுகுவத்திக்கு விலை வைப்பது எப்படி என்பதைப் படிப்படியாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். இங்கே தரப்படும் தொகைகள் விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலைகளை அவற்றின் இடத்தில் இட்டு, இதே முறையில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

யார் வாங்குகிறார்கள்?

மின்சாரம் தடைப்பட்டால் ஏற்றுவதற்காக மெழுகுவத்தி வாங்கிய காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. இன்வெர்ட்டரும் எல்.இ.டி. விளக்கும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அத்தேவைக்கான சாதாரண வெள்ளை வத்தியைப் பெரிய தொழிற்சாலைகள் மிகக் குறைந்த விலைக்குத் தருகின்றன. அவற்றோடு வீட்டுத் தொழில் விலையில் போட்டியிட முடியாது, போட்டியிடவும் கூடாது.

இன்று கைவினை மெழுகுவத்திக்கு வேறு வாடிக்கையாளர்கள் இருக்கின்றனர். தேவாலயங்களும் அவற்றின் திருவிழாக்களும் முதல் வகை. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள், டிசம்பரில் கிறிஸ்துமஸ், பின்னர் உயிர்ப்பு ஞாயிறு ஆகியவை தேவை மிகும் நாள்கள். பிறந்தநாள், திருமணம் போன்ற நிகழ்ச்சிகளுக்குப் பரிசளிப்போர் இரண்டாம் வகை. மூணாறு, தேக்கடி போன்ற இடங்களுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் மூன்றாம் வகை. இம்மூவரும் வெளிச்சத்திற்காக மட்டும் வாங்குவதில்லை. வடிவம், நிறம், மணம், கைவேலை ஆகியவற்றிற்கும் சேர்த்தே பணம் தருகின்றனர். ஆகவே தொழிற்சாலை வத்தியின் விலையை அளவுகோலாக வைத்துக்கொண்டு நம் விலையைக் குறைக்க வேண்டியதில்லை.

அடக்கவிலைக் கணக்கு

100 கிராம் எடையுள்ள ஒரு வண்ண மெழுகுவத்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு முறை 10 கிலோ மெழுகை உருக்கி 100 வத்திகள் வார்ப்பதாகக் கொள்வோம். உடைதல், வெடித்தல், வடிவம் பிசகுதல் ஆகியவை போக 95 வத்திகள் விற்பனைக்குத் தேறுகின்றன என்க.

பாரஃபின் மெழுகு 10 கிலோ, கிலோ ரூ.150 வீதம்: ரூ.1,500
வண்ணம், நறுமண எண்ணெய்: ரூ.250
திரி 100: ரூ.100
உறை, பெட்டி, ஒட்டுச்சீட்டு, 95 வத்திக்கு ரூ.5 வீதம்: ரூ.475
எரிவாயு: ரூ.60
மெழுகைக் கொண்டுவந்த வண்டிச் செலவு: ரூ.75
உழைப்பு 8 மணி நேரம், மணிக்கு ரூ.60 வீதம்: ரூ.480
நிலைச் செலவில் இந்த வார்ப்பின் பங்கு: ரூ.100

மொத்தம் ரூ.3,040. இதை 95ஆல் வகுத்தால் ஒரு வத்தியின் அடக்கவிலை ரூ.32.

இப்பட்டியலில் மூன்று இனங்களைப் பலர் விட்டுவிடுகின்றனர்.

முதலாவது, சேதாரம். 3,040ஐ 100ஆல் வகுக்காமல் 95ஆல் வகுத்ததைக் கவனியுங்கள். உடைந்த வத்தியை மீண்டும் உருக்கலாமே என்று கேட்கலாம். மெழுகு திரும்பக் கிடைக்கும். ஆனால் அதற்குச் செலவிட்ட நேரமும் எரிவாயுவும் திரியும் திரும்பக் கிடைக்கா. மேலும் நம் பகுதியில் சேதாரம் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியின் கோடை வெயிலில் வத்திகள் பெட்டிக்குள்ளேயே இளகி வளையும். மூணாறின் குளிர்காலத்திலோ வார்த்த மெழுகு வேகமாக ஆறி வெடிப்பு விழும். சேதாரம் 10 ஆக உயர்ந்து 90 வத்திகளே தேறினால், உறைச் செலவில் ரூ.25 குறைந்து மொத்தம் ரூ.3,015 ஆகும், ஆனால் ஒரு வத்தியின் அடக்கம் ரூ.33.50 ஆக ஏறிவிடும். எனவே ஒவ்வொரு வார்ப்பிலும் எத்தனை தேறின என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, நிலைச் செலவு. அலுமினிய அச்சுகள், உருக்கும் பாத்திரங்கள், தராசு ஆகியவற்றை ரூ.12,000 கொடுத்து வாங்கியதாகவும், அவை இரண்டாண்டு உழைக்கும் என்றும் கொண்டால் மாதத் தேய்மானம் ரூ.500. கடன் வட்டி, கைபேசி, மின்சாரம் ஆகியவற்றின் பங்கு இன்னொரு ரூ.500. மாதம் ரூ.1,000. மாதத்தில் பத்து முறை வார்த்தால் ஒரு வார்ப்பின் பங்கு ரூ.100. ஐந்து முறை மட்டுமே வார்த்தால் அதே பங்கு ரூ.200 ஆகிவிடும்.

மூன்றாவது, உங்கள் உழைப்பு. இதுவே மிக முக்கியமானது. ‘வீட்டு வேலைக்கு நடுவே செய்வதுதானே, அதற்கு என்ன கூலி?’ என்ற எண்ணம் நம் இல்லங்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. அதே எட்டு மணி நேரம் தோட்டத்திற்கோ கடைக்கோ வேலைக்குச் சென்றால் கூலி வாங்காமல் திரும்புவீர்களா? நாளை ஆர்டர் பெருகி ஒருவரை வேலைக்கு அமர்த்த நேர்ந்தால் அவருக்குக் கூலி தந்தே ஆக வேண்டும். இன்றைய விலையில் கூலிக்கு இடமில்லை என்றால், அன்று தொழிலை விரிவாக்கவே முடியாது.

இரட்டிப்பு வழக்கமும் அதன் விளைவும்

மெழுகின் விலையையும் திரியின் விலையையும் கூட்டி ஏறத்தாழ இரண்டு மடங்காக்கி விற்பது பலருடைய வழக்கம். நம் கணக்கில் 100 கிராம் மெழுகு ரூ.15, திரி ரூ.1, ஆக ரூ.16. அதை ரூ.30க்கு விற்றால் ரூ.14 இலாபம் என்று தோன்றும். உண்மையில் அடக்கம் ரூ.32 அல்லவா? ஒவ்வொரு வத்தியிலும் ரூ.2 நட்டம்.

அந்த நட்டம் எங்கே போகிறது? 95 வத்திகளை ரூ.30 வீதம் விற்றால் ரூ.2,850 வரும். உழைப்பு நீங்கலான மற்றச் செலவு ரூ.2,560. மிஞ்சுவது ரூ.290. எட்டு மணி நேர உழைப்புக்கு அவ்வளவே. அதாவது மணிக்கு ரூ.60 என்று நினைத்த கூலி ரூ.36 ஆகச் சுருங்கிவிட்டது. கையில் பணம் புரள்வதால் இந்த நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அச்சு தேய்ந்து புதிதாக வாங்க வேண்டிய நாளிலோ, கடன் தவணை செலுத்த வேண்டிய நாளிலோதான் தெரியவரும்.

இலாபத்தை எதன்மீது கணக்கிடுவது?

அடக்கவிலை தெரிந்தபின் இலாபத்தைச் சேர்க்க வேண்டும். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. ‘20 சதவீத இலாபம்’ என்று சொல்லும்போது அது அடக்கவிலையின் மீதா, விற்பனை விலையின் மீதா என்று தெளிவாக இருக்க வேண்டும். அடக்கத்தின் மீது 20 சதவீதம் என்றால் விலை ரூ.38.40. விற்பனையின் மீது 20 சதவீதம் என்றால், 32ஐ 0.80ஆல் வகுக்க வேண்டும், விலை ரூ.40. விற்ற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இருபது ரூபாய் மிஞ்ச வேண்டும் என்பதே நம் நோக்கமாயின் இரண்டாவது முறையே சரி.

அடுத்தது, கடைக்காரரின் பங்கு. கடையும் விற்பனை விலையில் 20 சதவீதம் கேட்பதாகக் கொள்வோம். நமக்கு ரூ.40 வர வேண்டுமானால், 40ஐ 0.80ஆல் வகுத்து உறையில் ரூ.50 என்று அச்சிட வேண்டும். ரூ.50இல் கடைக்கு ரூ.10, நமக்கு ரூ.40, அதில் அடக்கம் ரூ.32, இலாபம் ரூ.8.

நேரடியாகக் கண்காட்சியிலோ தேவாலயத் திருவிழாவிலோ விற்கும்போது ‘கடைக்காரர் பங்குதான் இல்லையே’ என்று ரூ.40க்குக் கொடுக்கலாமா? கூடாது. அங்கே பேருந்துக் கட்டணம், இட வாடகை, ஒரு நாள் உழைப்பு ஆகியவை அந்தப் பத்து ரூபாயின் இடத்தில் நிற்கின்றன. மேலும், உங்கள் சரக்கை ரூ.50க்கு விற்கும் கடைக்காரர் அதை அறிந்தால் மறுமுறை வாங்கமாட்டார்.

எத்தனை விற்றால் கை கடிக்காது?

நிலைச் செலவு நீங்கலாக ஒரு வத்திக்கு ஆகும் செலவு ஏறத்தாழ ரூ.31. நமக்குக் கிடைக்கும் விலை ரூ.40. ஆகவே ஒவ்வொரு வத்தியும் ரூ.9ஐ நிலைச் செலவுக்குத் தருகிறது. மாத நிலைச் செலவு ரூ.1,000ஐ 9ஆல் வகுத்தால் 111 வருகிறது. மாதம் 112 வத்திகள் விற்றால் நட்டமில்லை; அதற்கு மேல் விற்பவை இலாபம் தரும். ரூ.30க்கு விற்பவருக்கு இந்த எண் கிடைக்கவே கிடைக்காது. அவர் ஆயிரம் விற்றாலும் நிலைச் செலவுக்கென்று ஒரு ரூபாய்கூடச் சேராது.

விலை கூடினால் வாங்குவார்களா?

இக்கேள்வி நியாயமானதே. விலையை உயர்த்தத் தயங்குவோர் முதலில் பொருளின் தரத்தை எண்ணால் சொல்லப் பழக வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஒரு வத்தியை எரித்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் எரிகிறது, புகைகிறதா, மெழுகு ஒரு பக்கமாக வழிகிறதா என்று குறித்து வையுங்கள். வத்தியின் பருமனுக்குத் திரி ஒல்லியாக இருந்தால் நடுவே குழி விழுந்து அணையும். தடித்திருந்தால் புகை விடும். எரியும் நேரத்தை உறையில் அச்சிட்டால் வாங்குபவர் விலையை நேரத்தோடு ஒப்பிடுவார். சந்தை எவ்வளவு முயன்றும் ரூ.50ஐ ஏற்காவிட்டால், உறைச் செலவைக் குறையுங்கள், அளவை மாற்றுங்கள், அல்லது அந்த வகையை நிறுத்திவிட்டு வேறு வகைக்கு மாறுங்கள். கூலியைக் குறைப்பதைக் கடைசி வழியாகக்கூடக் கொள்ளாதீர்கள்.

பாரஃபின் என்பது பெட்ரோலிய சுத்திகரிப்பில் கிடைக்கும் பொருள். கச்சா எண்ணெயின் விலையோடு அதன் விலையும் ஏறி இறங்கக்கூடும். மெழுகு கிலோவுக்கு ரூ.20 ஏறினால் நம் அடக்கவிலை வத்திக்கு ரூ.2க்குச் சற்று மேல் ஏறும். எனவே மூன்று மாதத்திற்கு ஒரு முறையேனும் கணக்கைத் திருத்துங்கள். திருவிழா ஆர்டருக்கு விலை சொல்லும்போது, அந்த விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

எல்லை கடந்து விற்கும்போது

பொருள் மட்டும் விற்கும் சிறு வணிகருக்குக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆண்டு விற்பனை ரூ.40 இலட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது விதி வேறு. பொதுவாக அதற்குப் பதிவு வேண்டும். கையால் செய்த மெழுகுவத்தி உள்ளிட்ட சில கைவினைப் பொருள்களுக்குப் பான் எண், ஈ-வே பில் முதலிய நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. கோவிந்தாபுரம், வாளையாறு, போடிமெட்டு, குமுளி வழியாகச் சரக்கு அனுப்புமுன் வரி ஆலோசகரைக் கேட்டுக்கொள்வது நல்லது. பதிவு செய்யாதவர் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. மெழுகு வாங்கும்போது கொடுத்த வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே மெழுகின் விலையை வரியோடு சேர்த்தே கணக்கில் எழுத வேண்டும்.

முன்கூட்டியே உறையிட்டு விற்கும் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, தயாரித்த மாதம், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்சச் சில்லறை விலை, புகார் தெரிவிப்பதற்கான தொடர்பு ஆகியவை அச்சிடப்பட வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வங்கியும் உங்கள் கணக்கும்

2015 ஏப்ரல் 8ஆம் நாள் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் ரூ.50,000 வரை பிணையின்றிக் கடன் பெறலாம். உத்யம் பதிவு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கேரளத்தில் 1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் உறுப்பினராக இருப்போர் அதன் வழியாகவும் சிறு தொழில் உதவி கேட்கலாம்.

கடன் கேட்டு வரும்போது அடக்கவிலைப் பட்டியலை நாம் கேட்பதற்குக் காரணம் உண்டு. ரூ.40,000 கடனை 11 சதவீத வட்டியில் 36 மாதத் தவணையாகச் செலுத்தினால் மாதத் தவணை சுமார் ரூ.1,310 ஆகும். இதில் வட்டி மட்டுமே நிலைச் செலவில் சேர்ந்துள்ளது. அசலை இலாபத்திலிருந்துதான் செலுத்த வேண்டும். முதல் மாதத் தவணையில் அசல் ஏறத்தாழ ரூ.940. வத்திக்கு ரூ.8 இலாபம் என்றால், நட்டமில்லா நிலையைத் தாண்டிய பிறகு இன்னும் நூற்றுச் சொச்சம் வத்திகள் விற்றால் அசல் அடைந்துவிடும். ரூ.30க்கு விற்றால் அத்தவணை வீட்டுச் செலவுப் பணத்திலிருந்தோ, அடகு வைத்த நகையிலிருந்தோதான் வர வேண்டியிருக்கும். தொழில் குடும்பத்தைத் தாங்குவதற்குப் பதில், குடும்பம் தொழிலைத் தாங்கும் நிலை அதுதான்.

கடையில் 30 அல்லது 45 நாள் தவணைக்குச் சரக்குக் கொடுப்பவர்கள், அந்த நாள்களுக்கு மெழுகு வாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் முன்னரே திட்டமிட வேண்டும். கல்லறைத் திருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் செப்டம்பரிலேயே கொள்முதல் தொடங்க வேண்டியிருக்கும். நடைமுறை மூலதனத் தேவையைப் பற்றிக் கடைசி வாரத்தில் அல்லாமல் ஆகஸ்டிலேயே கிளை அலுவலரிடம் பேசுங்கள்.

தொழிலுக்கெனத் தனியே ஒரு வங்கிக் கணக்கு, வார்ப்புக்கு ஒரு பக்கம் வீதம் ஒரு நோட்டு, மூன்று மாதத்திற்கு ஒரு விலைத் திருத்தம்: இம்மூன்றையும் இன்றே தொடங்கலாம். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் மெழுகின் விலையை எழுதுவதற்கு முன்பாக உங்கள் ஒரு மணி நேர உழைப்பின் கூலியை எழுதுங்கள்.