பாடு முறையும் குபெர்னெட்டிஸும்: மேல்நிலைக் கணினி வகுப்புக்கு ஒரு செயல்பாடு

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் இயக்க அமைப்பு பற்றிய பாடத்தில் செயல் மேலாண்மை வருகிறது. முதலில் வந்த வேலை முதலில், சிறிய வேலை முதலில், ஒவ்வொன்றுக்கும் சிறிது நேரம் கொடுத்துச் சுழற்றும் ரவுண்டு ராபின் என்று சில முறைகளைக் கற்பிக்கிறோம். பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களிலிருந்து வரும் என் மாணவர்களுக்கு இதில் ரவுண்டு ராபினை விளக்க வேண்டிய தேவையே இல்லை. "பாடு மாதிரியா சார்?" என்று அவர்களே கேட்டுவிடுவார்கள்.

பிற மாவட்ட ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியில் சுத்து வலை போடும் இடங்கள் எல்லாம் ஒன்றுபோல் பலன் தருவதில்லை. ஓரிடத்தில் இறால் நிறையப் படும், இன்னோரிடத்தில் வலை காலியாக வரும். ஆகவே பாட்டு உரிமை உள்ள மீனவர்கள் ஊர் அளவில் கூடி, சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று முடிவு செய்கிறார்கள். முறை சுழன்றுகொண்டே இருக்கும். உரிமை இல்லாதவர் இந்த இடங்களில் சுத்து வலை போட முடியாது. இந்த முறையின் நிறைகுறைகளைச் சமூக அறிவியல் ஆசிரியர்கள் தனியே ஒரு பாடமாக நடத்தலாம். எனக்கு வேண்டியது, குறைந்த இடத்தைப் பலருக்குப் பங்கிடுவது என்ற கணக்கு இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரியும் என்பதுதான்.

பாடநூல் ஒரே ஒரு கணினிக்குள் நடக்கும் பங்கீட்டோடு நின்றுவிடுகிறது. ஆனால் நம் பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை ஒரு மாணவி கைபேசியில் காட்டும்போது பதில் தருவது ஒரு கணினி அல்ல. 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட திக்ஷா தளம் சன்பேர்டு என்னும் திறமூல மென்பொருளின்மேல் கட்டப்பட்டது. சன்பேர்டின் பகுதிகள் கன்டெய்னர்களாகப் பிரிக்கப்பட்டு, பல கணினிகள் சேர்ந்த ஒரு கொத்தில் இயங்குகின்றன. அந்தக் கொத்தை நிர்வகிப்பது குபெர்னெட்டிஸ். 2018-19 கல்வியாண்டில் கியூஆர் குறியீட்டுடன் புதிய பாடநூல்கள் வந்ததிலிருந்து நாம் எல்லோரும் இந்தத் தளத்தைப் பயன்படுத்தி வருகிறோம்.

கன்டெய்னர் என்றால் என்ன என்பதற்கு எங்கள் பிள்ளைகள் காட்டுப்பள்ளித் துறைமுகச் சாலையைப் பார்த்தால் போதும். உள்ளே துணியா, இயந்திரமா என்று லாரிக்கோ கிரேனுக்கோ தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவு ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். 1956-இல் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதோடு இந்த வழக்கம் வளரத் தொடங்கியது. மென்பொருளிலும் இதே உத்திதான். ஒரு நிரலையும் அது ஓடத் தேவையான துணைக்கோப்புகளையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால் எந்தக் கணினியிலும் இறக்கி ஓட்டலாம். 2013-இல் வந்த டாக்கர் இதை எளிதாக்கியது. பெட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகியதும் எதை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. அதற்காகக் கூகுள் 2014-இல் திறமூலமாக வெளியிட்டதுதான் குபெர்னெட்டிஸ். கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். தமிழில் மீகாமன். அதன் சின்னமும் கப்பலின் சுக்கான் சக்கரம்தான்.

இனி வகுப்பறைச் செயல்பாடு. வகுப்பில் நான்கு பெஞ்சுகளைக் காலி செய்யுங்கள். ஒவ்வொரு பெஞ்சும் ஒரு கணினி. ஒவ்வொன்றின் கொள்ளளவு 6. அட்டையில் சீட்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். 'தேடல்' என்று எழுதிய சீட்டுகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 3 அலகு இடம் வேண்டும். 'பாடப்பக்கம்' என்று எழுதியவை ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 2 அலகு. மொத்தத் தேவை 19, இருப்பது 24. ஒரு மாணவர் பங்கீட்டாளர். எந்தச் சீட்டை எந்தப் பெஞ்சில் வைப்பது என்று அவர் முடிவு செய்வார். இன்னொரு மாணவியிடம் வருகைப் பதிவேடு போல ஒரு தாள் கொடுங்கள். அதில் 'தேடல் 3, பாடப்பக்கம் 5' என்று மட்டும் எழுதியிருக்கும். அவர் ஓயாமல் பெஞ்சுகளை எண்ணி, தாளோடு ஒப்பிட்டு, குறைந்தால் "ஒன்று குறைகிறது" என்று குரல் கொடுக்க வேண்டும். குபெர்னெட்டிஸின் இதயம் இந்த இரண்டாவது மாணவிதான். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குப் படிப்படியாகக் கட்டளை இடுவதில்லை. எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். இருப்பதை எழுதியதற்குச் சமமாக்குவது மட்டுமே அவர் வேலை.

முதல் மூன்று பெஞ்சுகளில் ஒரு தேடல், ஒரு பாடப்பக்கம் வீதமும் நான்காவதில் இரண்டு பாடப்பக்கமும் வைத்துத் தொடங்குங்கள். பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் நான்காவது பெஞ்சை வெளியே தூக்கிவிடுங்கள். கணினி பழுது! பதிவேட்டு மாணவி "பாடப்பக்கம் இரண்டு குறைகிறது" என்பார். பங்கீட்டாளர் இடம் தேடுவார். மூன்று பெஞ்சுகளிலும் ஒவ்வோர் அலகு காலி, மொத்தம் 3 அலகு. ஆனால் 2 அலகு கேட்கும் சீட்டு ஒன்றைக்கூட வைக்க முடியாது. சீட்டுகள் கையிலேயே நிற்கும். உண்மையான கொத்தில் இந்த நிலைக்குப் 'பெண்டிங்' என்று பெயர்.

இந்த இடத்தில் அவசரப்படாமல் காத்திருங்கள். என் வகுப்பில் ஒரு மாணவர், "சார், ரெண்டாவது பெஞ்சுல இருக்கிற பாடப்பக்கத்தை எடுத்துட்டு, முதல் பெஞ்சுப் பாடப்பக்கத்தையும் அங்கிருந்து கிளப்பினா, ரெண்டு தேடலையும் ஒரே பெஞ்சுல வைக்கலாமே" என்றார். செய்து பார்த்தோம். முதல் பெஞ்ச் 3+3, இரண்டாவது 2+2+2. ஒரு சீட்டுக்கு இடம் கிடைத்தது, ஒன்று மட்டும் மிஞ்சியது. குபெர்னெட்டிஸின் வழக்கமான பங்கீட்டாளர் ஓடிக்கொண்டிருப்பவற்றை இப்படி ஒழுங்கு மாற்றி அடுக்குவதில்லை. அதற்கு டீஷெட்யூலர் என்று தனிக் கருவி இருக்கிறது. அதன் தேவையை அந்த மாணவர் தானே கண்டுபிடித்துவிட்டார்.

கூடவே ஒரு கேள்வியையும் கேட்டு வைக்கலாம். இரண்டு தேடலும் ஒரே பெஞ்சில் இருக்க, அந்தப் பெஞ்சும் போனால்?

பாடுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் மாணவர்களே சொல்வார்கள். பாட்டில் வரிசை ஆளுக்கு உரியது. இன்று வலை காலியாக வந்தவருக்கு அவருடைய முறை மறுபடி வரும். கொத்தில் ஒரு சீட்டுக்கு எந்த உரிமையும் இல்லை. அது தொலைந்தால் அதே போன்ற இன்னொன்று வரும், பழையதை யாரும் தேடுவதில்லை. மதிப்பெண், பயிற்சிச் சான்றிதழ் போன்ற தரவுகளை அப்படித் தொலைக்க முடியாது என்பதால் அவை பெட்டிக்கு வெளியே தனிச் சேமிப்பகத்தில் வைக்கப்படுகின்றன.

அந்தச் சேமிப்பகம் பற்றி ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2023 ஜனவரியில் வயர்டு இதழ் வெளியிட்ட செய்தியின்படி, திக்ஷாவின் மேகச் சேமிப்பகம் ஒன்று பூட்டப்படாமல் இருந்ததால் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை திறந்து கிடந்தன. பயிற்சி வகுப்புகளுக்காகப் பதிவு செய்த நம்மைப் போன்றவர்களின் விவரங்கள் அவை. பதிவேட்டு மாணவியை நினைத்துப் பாருங்கள். எண்ணிக்கை சரியா என்று மட்டும் அவர் பார்க்கிறார். 'இந்த அலமாரியை யார் வேண்டுமானாலும் திறக்கலாம்' என்று தாளில் எழுதியிருந்தால் அதையும் அப்படியே காப்பாற்றுவார். ஆகவே இந்தப் பாடத்தை நடத்தும்போது தாளை எழுதுபவர் யார், சரிபார்ப்பவர் யார் என்பதையும் சேர்த்தே பேசுகிறேன். ஒரு மாணவர் எழுதுவார், இன்னொருவர் கையொப்பம் இட்ட பிறகே அது பதிவேட்டு மாணவியிடம் போகும். தொழில்முறைக் குழுக்களும் இத்தகைய தாள்களைக் கிட்டில் வைத்து, மற்றவர் பார்த்து ஒப்புக்கொண்ட பின்பே செயலுக்கு அனுப்புகின்றன.

மற்றக் கருவிகளைப் பெயரளவில் அறிமுகப்படுத்தினால் போதும். கணினிகளையும் வலையமைப்பையும் எழுதிக் கேட்டுப் பெற டெர்ராஃபார்ம், பல தாள்களை ஒரு கட்டாக நிறுவ ஹெல்ம், எது எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கப் புரோமிதியஸ், அந்த அளவைப் படமாகக் காட்டக் கிராஃபானா. ஆர்வமுள்ள மாணவருக்கு மினிகியூப் காட்டுங்கள். ஒரே கணினியில் சிறு கொத்து ஒன்றை உருவாக்கும் இலவச மென்பொருள் இது. இரண்டு செயலகங்கள், 2 ஜிபி காலி நினைவகம், 20 ஜிபி வட்டு இடம், இணைய இணைப்பு ஆகியவை தேவை. ஒரு பெட்டியை வேண்டுமென்றே அழித்துவிட்டு, சில நொடிகளில் இன்னொன்று தானாக முளைப்பதைப் பார்க்கட்டும். பெஞ்ச் விளையாட்டை ஆடியவர்களுக்கு அந்தத் திரை உடனே புரிகிறது. ஆடாமல் நேராகத் திரைக்கு வந்தவர்கள் கட்டளைகளை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்.

நடுநிலை வகுப்புகளில் கொத்து, கன்டெய்னர் என்ற சொற்களே வேண்டாம். குறியீடு திறக்காதபோது எல்லாரும் மறுபடி மறுபடி அழுத்தினால் நெரிசல் கூடும், சற்று இடைவெளி விட்டு முயல வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் திக்ஷா செயலியில் பாடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வகுப்பில் காட்டலாம்.

மேல்நிலை வகுப்புச் செயல்பாட்டுக்கு இரண்டு பாடவேளை வேண்டும். முதல் பாடவேளையில் பெஞ்சை எடுப்பது வரை முடித்துவிட்டு, மிஞ்சிய சீட்டுகளை என்ன செய்யலாம் என்று வீட்டில் யோசித்து வரச் சொல்லுங்கள். சீட்டுகளைப் பழைய மாதக் காலண்டர் அட்டையில் வெட்டினால் அடுத்த ஆண்டு வகுப்புக்கும் உதவும்.